பன்றிகள் அறுத்த கயிறு

"ஒஹையோ ஆத்தங்கரையில அடிமைப் பொண்ணு டார்க்கஸ விடுதலை பண்ணினது யாருன்னு நினைக்கிறீங்க? பன்னிங்க! ஆயிரம் பன்னிங்க!"

ஞாயிறு ஆராதனை முடிந்து, தேவாலய வாசலில் பொரித்த மீனும் சோள ரொட்டியும் பரிமாறும் நேரம். ஷாட்ரக் பெல் ஆரம்பித்துவிட்டார். பன்றி ஓட்டும் வேலையை விட்டபிறகு அவருக்கு இந்தக் கதைதான் பிழைப்பு.

"போன வருஷம் ஐந்நூறுன்னீங்களே, அத்தான்," என்றாள் மச்சினி கெட்டூரா. "கதைக்குள்ளயே குட்டி போடுதா? சுத்தப் பொய்."

"போடாதா பின்னே? நல்ல தீனியில்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து வரும் இடத்தை மட்டும் ஷாட்ரக் ஒருநாளும் பெருக்கிச் சொன்னதில்லை.

அமெரிக்க உள்நாட்டு யுத்தத்துக்கு முந்தைய காலம் அது. ஆற்றைக் கடந்து இந்தச் சுதந்திரக் கரைக்குத் தப்பி வந்த அடிமைகளையும் பிடித்துக்கொண்டு போகலாம், தடுத்தவனுக்குச் சிறை என்று சட்டம். தேவாலயப் பரணில் ஒளிந்திருந்த டார்க்கஸையும் அவள் தம்பி ஏமஸையும் யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். அடிமைகளைப் பிடிக்கும் பிடிகாரர்கள் அவர்கள் இருவரையும் ஒரே கயிற்றில் கட்டி, பட்டப்பகலில் படகுத்துறைக்கு இழுத்துப் போனார்கள். துறையில் மீன் விற்ற கெட்டூரா உட்பட, ஊரே வாயடைத்து நின்றது. ஷாட்ரக்கின் கையில் ஒரு கோல். அவர்கள் கையில் துப்பாக்கி. டார்க்கஸ் அவரைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். அவர் கால் நகரவில்லை.

'ஆண்டவரே' என்று கதறத்தான் வாயைத் திறந்தார். ஆயுசு முழுக்கப் பன்றிகளைக் கூப்பிட்ட தொண்டை, வேறு எதையும் அறியாது.

"சூ...ஊ...யீ!"

தீனிக்கான கூவல்! துறையோரக் கசாப்புத் தொழுவத்துப் பன்றிகள் அத்தனையும் வேலியைப் பிய்த்துக்கொண்டு பாய்ந்தன. ஒரு கிழட்டுப் பன்றி பிடிகாரன் ஒருவனை முதுகில் சுமந்துபோய்த் தபாலாபீஸ் வாசலில் மரியாதையாக இறக்கிவிட்டது. இன்னொருவனின் தொப்பி அந்த வருஷக் கிறிஸ்துமஸ் தொத்திறைச்சியில் கிடைத்தது.

ஷாட்ரக் சேற்றில் குப்புற விழுந்து மிதிபட்டார். தலையைத் தூக்கியபோது டார்க்கஸைக் காணவில்லை. படகு நடு ஆற்றில் போய்க்கொண்டிருந்தது. அதில் ஏமஸ், அறுந்த கயிற்றோடு.

"கயித்த எவன் அறுத்தான்?" என்றார் பந்தியில் ஒருவர்.

"பன்னிதான் கடிச்சுது!" என்றார் ஷாட்ரக். 'பொய்' என்று வழக்கம்போல் வரப்போகும் குரலுக்காகக் கெட்டூரா பக்கம் திரும்பினார்.

அவள் ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"பன்னி இல்ல, அத்தான். என் மீன் கத்தி."



"இத்தனை வருஷமா பொய்யின்னியே, பாவி!"

"உங்க வாய் ஓட்டை வாய். சட்டம் இருந்தவரைக்கும் ஜெயிலுக்குப் பயந்தேன்."

"சட்டம்தான் போயிடுச்சே. அப்புறம்?"

அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

"அக்கா பக்கம் முதல்ல அறுத்தேன். தம்பி ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நின்னான், அத்தான். அதுக்குள்ள பிடிகாரன் ஒருத்தன் எழுந்து அவனப் படகுல தள்ளிட்டான். ஒன்னுமே பண்ண முடியல. நான் ஒத்துக்கிட்டா அவன் நீட்டின அந்தக் கையும் நிஜமாயிடுமேன்னு பொய்யின்னே சொல்லிட்டிருந்தேன்."

யாரும் மீனைத் தொடவில்லை.

"நடந்துது, அத்தான். நிஜமாவே நடந்துது."