தொடைக்குள் மூன்று துண்டு

சின்னத்தம்பியின் தலைக்குள் கட்டி. மண்டையைத் திறந்த பிறகு எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கத்தியை நகர்த்த முடியும் என்று கொழும்பு டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் படத்துக்கு நாள் கிடைக்கவே நான்கு மாதம் ஆயிற்று. கலவானைத் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ், மூன்று ராணுவச் சோதனைச் சாவடி. வந்து சேர்ந்தபோது அவர் மனைவி தங்கம்மாவுக்கு எங்காவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

"உடம்புக்குள்ள இரும்பு, குண்டு ஏதும் இருக்கா?" ஸ்கேன் அறை மிஸ் சிங்களத்தில் கேட்டாள்.

"நெஹெ மிஸ்," என்றார் சின்னத்தம்பி. சாவடிகளில் இல்லை இல்லை என்று சொல்லிப் பழகிய வாய். தங்கம்மாவும் தலையாட்டினாள்.

பதினோரு வருடத்துக்கு முன், ரப்பர் மலைக்குப் பால் வெட்டப் போனவர், பன்றி சுட யாரோ பொறியாகக் கட்டியிருந்த துவக்கின் கம்பியில் கால் இடறினார்; அது வெடித்தது. தொடைக்குள் ஆணித்துண்டுகள் போய்விட்டன. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வெடிக்காயத்தோடு வரும் தமிழனைப் புலி என்று பிடித்துப் போனால், எந்தச் சிறையில் போய்த் தேடுவது? அவளே பச்சிலை கட்டி ஆற்றினாள். நொண்டலுக்கு வாதம் என்று பெயர் வைத்தார்கள்.

அவரை உள்ளே கூட்டிப் போனார்கள். மிஸ் அடுத்த நோயாளியிடம், "இரும்பு இருந்தா காந்தம் இழுத்து நரம்ப அறுத்துப் போடும்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கம்மா எழுந்துவிட்டாள். ஆமிக்காரனை ஏமாற்றலாம், காந்தத்தை ஏமாற்ற முடியுமா? ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள்.

"நிப்பாட்டுங்க! அவரு தொடையில ஆணி இருக்குங்க!"

வெளியே வந்தவர் அவளை முறைத்தார். "குடிய கெடுத்துட்டியே புள்ள."

"உசுரு இருந்தாத்தாங்க குடி."

எக்ஸ்ரேயில் மூன்று வெள்ளைத் துண்டுகள் தெரிந்தன. முதலில் இவற்றை எடுக்க வேண்டும், பிறகுதான் ஸ்கேன், அதற்கும் பிறகுதான் தலை என்றார் டாக்டர். மறுபடியும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும்.

"பொலிசுக்கு எழுதுவீங்களாங்க?"

டாக்டர் களைப்போடு சிரித்தார். "எனக்குத் தலையே போதும்மா. இந்த எக்ஸ்ரே படத்த மட்டும் பத்திரமா வச்சிருங்க. அது இல்லாம வராதீங்க."

பதினோரு வருடப் பயம் இறங்கியதில் தங்கம்மாவுக்கு அழுகை வந்தது. திரும்பும் பஸ்ஸில் கணவர் தோளில் சாய்ந்து தூங்கிப் போனாள்.

இரத்தினபுரிக்கு முன்னால் பஸ் நின்றது. ஆமிக்காரர் ஏறி அடையாள அட்டையில் பெயரைப் படித்தார்; பிறகு சின்னத்தம்பியின் காலைப் பார்த்தார்.

"உடம்புல காயம் இருக்கா?"

பஸ் நின்றதுமே விழித்த தங்கம்மா எக்ஸ்ரே படத்தை அதற்குள் தனக்கடியில் தள்ளி, அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். அது மடங்கும் சத்தம் அவளுக்குக் கேட்டது.

"நெஹெ மாத்தயா," என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.