அண்ணி பிட்டுக் கொடுத்த அப்பம்

அந்தக் கிறிஸ்தவ சபையில் திருவிருந்தின்போது போதகர் அப்பம் பிட்டுக் கொடுப்பதில்லை. ஒரே அப்பம் வரிசையாகக் கைமாறும். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவருக்குப் பிட்டுக் கொடுக்க வேண்டும். லாரி ஓட்டும் அவன் எப்போதும் அதற்கு முன்பே நழுவிவிடுவான். அவன் ஓட்டும்போது கண்ணயர்ந்ததால் நடந்த விபத்தில்தான், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் இறந்துபோனான்.

இன்று அண்ணி வந்து, அவன் எழுந்து போக முடியாதபடி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். அப்பம் அவள் கைக்கு வந்தது.

"எனக்கு வேண்டாம் அண்ணி. எனக்கு அந்தத் தகுதி இல்ல."

"தகுதி உள்ளவங்க யாராவது இங்க இருந்தா காட்டு, நான் எழுந்து போயிடறேன்."

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. "நீங்க என்னை மன்னிச்சிட்டீங்களா?"

அவள் கையில் இருந்த அப்பத்தைப் பார்த்தாள். "இயேசு எப்பவோ மன்னிச்சிட்டார். நான் இன்னும் பாதி வழியிலதான் இருக்கேன். அதனாலதான் எனக்கும் இது வேணும். கையை நீட்டு, பின்வரிசைக்காரங்க முறைக்கிறாங்க."

அவன் நீட்டினான். அவள் பிட்டு வைத்தாள். அந்தச் சிறு துண்டை அவன் வாயில் போட்டுக்கொண்டான். பிறகு அப்பத்தை வாங்கி, மறுபக்கம் இருந்தவருக்குப் பிட்டுக் கொடுத்தான்.