சேவல் பண்ணை

என் வீட்டுக்காரர் தமிழ்ச்செல்வன் கம்ப்யூட்டரில் பெரிய கெட்டிக்காரர். கோழி விஷயத்தில் சுத்த மக்கு. இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் செகந்திராபாத்தில் இருந்தோம். ஐ.டி. கம்பெனியெல்லாம் ஆட்டம் கண்ட வருஷம் அது. இவர் சம்பளத்தைப் பாதியாக வெட்டிவிட்டார்கள். நான் வேறு முழுகாமல் இருந்தேன். உடம்பில் ரத்தமே இல்லை, தினம் முட்டை சாப்பிடு என்று டாக்டரம்மா அதட்டினார். கடை முட்டை அவிகிற வாடைக்கே எனக்குக் குடலைப் புரட்டும். வீட்டில் வளர்க்கிற கோழியின் முட்டை வாடையடிக்காது என்றார்கள். ஆனால் நாட்டு முட்டை விற்ற விலைக்கு நாங்கள் எங்கே போக?

"இந்த அல்வால் ஏரியாவுல பின்பக்கம் இவ்வளவு இடத்தோட வீடு யாருக்குக் கிடைக்கும் ரோகிணி? நாமளே வளர்ப்போம்" என்று கிளம்பினவர், லாலாகுடா பக்கமிருந்து ஒரு பெட்டி நிறையக் குஞ்சுகளோடு வந்தார். ரோஸ், பச்சை, ஊதா என்று சாயம் ஏற்றிய குஞ்சுகள். கொள்ளை மலிவாம்! ஏன் மலிவு என்று அவரும் கேட்கவில்லை, மதுரைக்காரி எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஆனால் நன்றாகத்தான் வளர்த்தார், பொய் சொல்லக் கூடாது. காய்கறிக்காரர் கழித்துப்போடும் கீரை, அரிசி நொய், மிஞ்சின இட்லி, எல்லாம் அதுகளுக்குத்தான். சாயம் போய் வெள்ளை வெளேரென்று வளர்ந்தன. ஒருநாள் விடியக்காலையில் ஒன்று கழுத்தை நீட்டிக் கூவியது. பதிலுக்கு இன்னொன்று. அப்புறம் மொத்தக் கூட்டமும் கூவியது.

"அடப்பாவி மனுஷா, அத்தனையும் சேவலா!"

முட்டையிடாது என்று பண்ணையில் கழிக்கிற ஆண் குஞ்சுகளுக்குத்தான் சாயமடித்து விற்கிறார்களாம். அதை அன்றைக்குத்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டார். எனக்கு ஏழாம் மாசம். பிள்ளை எடை பத்தவில்லை என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வாய்க்கு வந்தபடி திட்டினேன், அப்புறம் அழுதுவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து வீட்டு ஓனரம்மா பூர்ணா வந்து நின்றார். தாத்தா காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்த தமிழ்க் குடும்பம்; 'ஏன்' என்பதற்கு ஊர்ப் பாஷையில் 'கைக்கு' என்றுதான் வரும். இந்தச் சத்தத்துக்கு வீட்டைக் காலிபண்ணச் சொல்லப்போகிறார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"கைக்கு இப்படி முழிக்கிறீங்க? போனாலு திருவிழா வருதுல்ல, அம்மனுக்குச் சேவல் நேர்ந்திருக்கோம். எங்க சொந்தக்காரங்க வீட்டுலயும் தேடிட்டு இருக்காங்க, வெளியில விலையைத் தொட முடியல. உங்க சேவலையெல்லாம் குடுங்க, முட்டையிடற நாட்டுக்கோழியா மாத்தித் தரேன்."

"ஹவ் ஹவ்!" என்றார் இவர். 'ஆமாம்' என்று அர்த்தம்; ஊர்ப் பாஷையில் அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தை.

கோழிகள் வந்தன. ஆனால் இடம் புதுசு, முட்டையைக் காணோம். இவர் மானிட்டர் வந்த அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பிவைத்து, ஆபீஸ் கிளம்பும்முன் எட்டி எட்டிப் பார்ப்பார். எனக்குப் பாவமாகக்கூட இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் பொத்திக்கொண்டு வந்தார். சூடு ஆறாத சின்ன முட்டை. அவரே அவித்தார், அவரே உரித்தார். மஞ்சள் கரு நல்ல ஆரஞ்சு நிறம். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் போட்டேன். பக்கெட்டை ஏந்தி, மூச்சு விடாமல் பக்கத்திலேயே நின்றார்.

உள்ளே போயிற்று. கொஞ்ச நேரம் பார்த்தோம். உள்ளேயே இருந்தது.

"என்ன பண்ணுது ரோகிணி?"

"பசிக்குதுங்க."

மனுஷன் பக்கெட்டை அப்படியே போட்டுவிட்டு, இன்னொன்று கிடக்கிறதா என்று பார்க்கப் பின்பக்கம் ஓடினார்.