துண்டறிக்கையின் ஒன்பதாம் வரி

ஆவுடையப்பன் எட்டாம் வகுப்பில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை தேர்வெழுத வராமலே பள்ளியை விட்டவர். அவருடைய விடைத்தாள்களைத் திருத்திய ஆசிரியன் நான். 1989-இல் அவர் நாடாளுமன்றத் தேர்தலில் நின்றபோது, 'பள்ளி இறுதித் தேர்வில் முதல் வகுப்பில் தேறியவர்' என்று அதே கையால் எழுதினேன். ஏன் எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

செட்டியார்பட்டிக்கு வெளியே அவருக்கு ஒரு பேண்டேஜ் துணி ஆலை இருந்தது. என் தெருவில் குடியிருந்த அங்காளம்மாள் அங்கே ஆறு ஆண்டுகள் துணிச்சுருளை நறுக்கும் இயந்திரத்தில் நின்றாள். அவ்வாண்டு ஆடியில் அந்த இயந்திரம் அவளுடைய வலக்கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. அவள் நறுக்கிய துணியையே கையில் சுற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். இழப்பீடு கேட்டு மனுச் செய்தபோது, அப்படியொருத்தி தம் ஆலையில் வேலை பார்த்ததே இல்லை என்றார் ஆவுடையப்பன். வருகைப் பதிவேட்டில் ஆறு ஆண்டுகளும் அவள் பெயரை எழுதவே இல்லை. உடன் வேலை பார்த்தவர்கள் வாய் திறந்தால் மறுநாள் அவர்களுக்கும் வேலை இருக்காது.

ஐப்பசியில் அவர் என் வீட்டுக்கு வந்தார்.

"சார், நம்ம வரலாற நீங்கதான் எழுதணும். நோட்டீசு அம்பதாயிரம் அடிக்கோம். படிப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்."

"கொள்கைன்னு என்ன எழுத?"

"பிளவக்கல் அணைத் தண்ணி கடைமடை வரைக்கும் வரும்னு போடுங்க. செங்கோட்டை ரயிலப் பெரிய லைனா ஆக்குவோம்னு போடுங்க. பொறவு, தொழிலாளி. அதுல மட்டும் சனம் உருகுத மாதிரி ஒண்ணு வேணும் சார்."

எழுந்து போகச் சொல்ல வாயெடுத்தவன், அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டு நின்றேன். பதிவேட்டில் மறைத்ததை அவருடைய துண்டறிக்கையிலேயே ஒப்புக்கொள்ள வைக்கலாம் என்று தோன்றியது.

அவருடைய வரலாற்றுக்கு எட்டு வரிகள் அவர் கேட்டபடியே எழுதினேன். ஒன்பதாவதை நானாக எழுதினேன்: 'தம் ஆலையில் ஆறு ஆண்டுகள் உழைத்து, இயந்திரத்தில் விரல்களை இழந்த அங்காளம்மாளுக்குத் தையல் இயந்திரம் அளித்து வாழ்வு தந்த வள்ளல்.'

படித்துக் கண் கலங்கினார். "மெஷினு இன்னும் குடுக்கலியே, சார்?"

"குடுத்திருங்க."

அச்சுப்படியில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அந்தப் படியை நான் பத்திரப்படுத்தினேன். இராஜபாளையத்துக் கூட்டத்தில், புகைப்படக்காரர் முன்னிலையில், அங்காளம்மாளை மேடையேற்றித் தையல் இயந்திரத்தைக் கொடுத்தார்.

"வெரலு இல்லாதவளுக்குத் தையல் மெஷினாய்யா?" என்று அவள் கேட்டது ஒலிபெருக்கியில் விழுந்துவிட்டது.

"மிதிக்கக் காலு ரெண்டும் இருக்குல்லா? மொகத்தச் சிரிச்சாப்புல வையி, ஏட்டி!" என்றார் ஆவுடையப்பன்.

கூட்டம் கைதட்டிச் சிரித்தது.

ஆவுடையப்பன் தேர்தலில் தோற்றார். மறு ஆண்டு திருவில்லிபுத்தூரில் அங்காளம்மாளின் மனு விசாரணைக்கு வந்தது. அச்சுப்படியைக் கொடுத்தோம். இழப்பீட்டு அதிகாரி ஒன்பதாம் வரியை இரண்டு முறை படித்தார். அங்காளம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வென்றுவிட்டோம் என்றே நம்பினேன்.

ஆலையின் வழக்கறிஞர் எழுந்தார்.

"இதை எழுதியது நீங்கதானே, சார்?"

"ஆமாம்."

"ஆவுடையப்பன் பள்ளி இறுதித் தேர்வுல தேறினாரா?"

"இல்லை."

"தகப்பனார் விடுதலைப் போராட்டத்துல சிறை போனவர்னு எழுதியிருக்கீங்க."

"சிறை போனது உண்மை. சாராய வழக்கில்."

"ஊருணியைச் சொந்தச் செலவில் தூர் வாரினாரே?"

"வாரவில்லை."

இப்படி எட்டையும் கேட்டார். எட்டுக்கும் நான் மெய் சொன்னேன். பொய் சொல்ல என்னால் எப்படி இயலும்? சத்தியம் செய்து நின்றிருந்தேன்.

"எட்டு வரியும் பொய்னு எழுதினவரே சொல்லுதாரு. ஒன்பதாவது மட்டும் மெய்யாம். எலக்சன் நோட்டீசை மெய்யின்னு எந்த ஊர்ல, ஐயா, படிக்காங்க?"

அறையே சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை, தாளை மடித்து என்னிடமே திருப்பித் தந்தார். மனு தள்ளுபடியாயிற்று.

பேருந்துக்கு நிற்கையில் அங்காளம்மாள் சொன்னாள்: "படிச்சவுக எழுதினா எடுபடும்னு இருந்தேன், சார்."

1991-இல் மறுபடியும் தேர்தல், மறுபடியும் ஆவுடையப்பன். என்னைக் கேளாமலே அதே துண்டறிக்கையை ஓர் எழுத்தும் மாறாமல் அச்சிட்டு வீடுதோறும் வீசினார்கள். அந்த ஒன்பதாம் வரிக்குத்தான் ஊரில் நல்ல பெயராம். அங்காளம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. தன் பெயரை மட்டும் அடையாளம் தெரியும். அதில் விரலை வைத்தபடி என் வாசலுக்கு வந்தாள்.

"நான் அவிய மில்லுலதான் வேலை பாத்தேன்னு இன்னும் போட்டிருக்கா, சார்?"

"போட்டிருக்கு, அம்மா."

"அப்ப, ஓட்டு எண்ணுத வரைக்கும் நான் அவிய வேலைக்காரிதான்" என்றவள், வலக்கையில் மிஞ்சிய மூன்று விரல்களால் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள்.