பன்னிரண்டு மாதத்துக்கு மட்டும்

என் கணவன் வெஸ்லி விமானப் படையில் எஞ்சின் மெக்கானிக். அவனை எந்த மாநிலத்துக்கு மாற்றினாலும், அங்கே நிற்கும் விமானம் "உனக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியுமா, நிரூபி" என்று அவனைக் கேட்பதில்லை. நான் மனநல ஆலோசகர். மாநில எல்லையைத் தாண்டியதும் நான் ஒன்றும் தெரியாதவளாகிவிடுகிறேன்.

ஒன்பது ஆண்டுகளில் நான்கு மாநிலங்கள். ஒவ்வொன்றிலும் சான்றிதழ்களைத் திரட்டி அனுப்பி, விரல் ரேகை வைத்து, அந்த ஊர்ச் சட்டத்தில் பரீட்சை எழுதி, லைசென்ஸ் கைக்கு வரும் நேரத்தில் வெஸ்லிக்கு அடுத்த மாற்றல் உத்தரவு வந்து நிற்கும். ஜார்ஜியாவில் நான் வேலை பார்த்தது மொத்தம் மூன்று வாரம். அதை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

நியூ மெக்ஸிகோவில் ஹார்லன் வெல்ஸ் என்ற ஊரின் படைத்தளத்துக்கு ஓர் ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தோம். சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள். காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்பதை மூக்கே சொல்லிவிடும். மூன்றாம் நாள் அந்தக் காற்று பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் கார் கதவில் மோதியது. பின்னாலேயே ஒருத்தி செருப்பில்லாமல் ஓடி வந்தாள்.

"ஐயோ, மன்னிச்சிருங்க! என் தொட்டிதான். இந்த ஊர்ல தொட்டிக்குக்கூட மாற்றல் வந்துருது."

"பரவால்ல, நான் கோரி," என்றேன். அவள்தான் யெசேனியா. தெற்கே எல்லையோர ஊரான லரேடோக்காரி. கணவன் ராவுல் தளத்தின் பாதுகாப்புப் பிரிவில் இருந்தான். அன்று முதல், மகளைப் பள்ளி பஸ்ஸில் ஏற்றிவிட்ட கையோடு முட்டையும் பச்சை மிளகாயும் வைத்துச் சுருட்டிய பரிட்டோ இரண்டை எடுத்துக்கொண்டு என் சமையலறைக்கு வந்துவிடுவாள். நான் காபி போடுவேன். படைத்தளத்து வாழ்க்கையில் சிநேகம் வளர நேரம் கிடையாது, ஒரு வாரத்தில் வளர்ந்தாக வேண்டும். எங்களுக்கு மூன்றே நாளில் வளர்ந்துவிட்டது.

"லைசென்ஸுக்காக மூவாயிரம் மணி நேரம் மத்தவங்க கதையக் கேட்டு பாஸ் பண்ணவளாம் இவ. என்னை ஒரு பேச்சு முழுசா பேச விடுறியாடி நீ?" என்பாள்.

"நீ மூச்சு விட்டாதானே நான் குறுக்க பேச முடியும்?" என்பேன் நான்.

ஜனவரியில் ராவுலை ஏழு மாதத்துக்குக் கடல் கடந்து அனுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் தளத்து வாசலருகே யெசேனியாவின் கார் சாலையோரம் நின்றது. அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். மகள் பின்சீட்டில் அழுதுகொண்டிருந்தாள். நான்தான் போய் இருவரையும் அழைத்து வந்தேன்.

"ஸ்டியரிங்கப் பிடிச்சா நெஞ்சு அடைக்குது கோரி. செத்துருவேன்னு தோணுது. நான் எப்படிடி லரேடோ போவேன்?"

லரேடோவில் அவள் அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்க்கொண்டிருந்தது. பத்து மணி நேரக் கார்ப் பயணம். விமானத்தைப் பிடிக்கவும் முதலில் நூறு மைல் கார் ஓட்ட வேண்டும். தளத்து மருத்துவமனையின் மனநலப் பிரிவு சீருடைக்காரர்களுக்கு மட்டும். ஊரில் இருந்த ஒரே சிகிச்சை நிலையத்தில் ஆலோசகர் நாற்காலி ஓராண்டாகக் காலி. திரையில் முகம் பார்த்துப் பேசும் ஆலோசனையெல்லாம் அன்று எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை. அடுத்த ஆலோசகரும் நூறு மைலுக்கு அப்பால்தான். கார் ஓட்ட முடியாதவளுக்கு அவர் இருந்தென்ன, இல்லாமல் என்ன?

அந்த நாற்காலிக்குத்தான் நான் காத்துக்கொண்டிருந்தேன். மாற்றலாகி வரும் படைவீரர்களின் மனைவிமாருக்குத் தற்காலிக லைசென்ஸ் தருவதாக மாநிலம் புதிதாக ஒரு ஏற்பாடு செய்திருந்தது. அக்டோபரிலேயே விண்ணப்பித்துவிட்டேன். என் பட்டங்களைவிட அவர்கள் அக்கறையாகக் கேட்டது கல்யாணச் சான்றிதழையும் வெஸ்லியின் மாற்றல் உத்தரவையும்தான். மார்ச்சில் பதில் வந்தது. பன்னிரண்டு மாதம் செல்லும். அதற்குள் கணவருக்கு மாற்றலானால் அன்றே முடிந்துவிடும்.

யெசேனியா மூன்று பால் ஊற்றிய கேக் செய்து எடுத்து வந்தாள். முதல் துண்டை என் வாயில் திணித்துவிட்டு, "அப்ப நான் உன்கிட்டயே வரலாம்ல?" என்றாள்.

கேக்கை மென்று விழுங்கினேன்.

"வந்தா இது முடியாதுடி," என்றேன். "ஆலோசகரா இருக்கறவ சிநேகிதியா இருக்கக் கூடாது. காபி கிடையாது. இந்த சமையலறை கிடையாது. ரெண்டுல ஒண்ணுதான்."

"ஒரு காபியில என்னடி கெட்டுப்போயிரும்?"

"உன் பயத்த நான் குடைஞ்சு எடுக்கணும். உனக்குக் கோவம் வரும். சிநேகிதியா இருந்தா நான் பாதியில விட்டுருவேன், உனக்கு வலிக்குமேன்னு."

அவள் யோசித்தாள். சிநேகிதியாகவே இரு என்று சொல்லிவிடமாட்டாளா என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? அவள் குணமாவதைவிட அவள் காலையில் வருவதுதான் அந்த நிமிடத்தில் எனக்கு வேண்டியிருந்தது.

"அம்மாவப் பாக்கணும் கோரி," என்றாள்.

சிகிச்சை நிலையத்தில் என் மேற்பார்வையாளர் ஆஸ்ட்ராண்டர் செவ்வாய்க்கிழமைதோறும் வந்து போகும் வயதான மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"வேற ஆள் இல்லாத ஊர்ல வேற வழியும் இல்லம்மா. எடுத்துக்கோ. ஆனா சிநேகத்தோட பின்வாசலை இறுக்கிச் சாத்திரு. தற்காலிக லைசென்ஸ்ல ஒரு புகார் விழுந்தா எந்த மாநிலமும் உன்னைத் திரும்பிப் பாக்காது."

யெசேனியா ஊருக்குள் போகும் தள பஸ்ஸில் ஏறி வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்தாள். வரவேற்பறையில் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வணக்கம் மிஸஸ் ஹாலரன்," என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். உட்கார்ந்த பிறகும் நீங்க, வாங்க என்றே பேசினாள். அப்புறம் அது மாறவே இல்லை.

வெளியில் பார்த்துக்கொண்டால் எப்படி என்று முதல் நாளே சொல்லிவிடுவது எங்கள் வழக்கம். "நானா வந்து பேச மாட்டேன். என்னை எப்படித் தெரியும்னு யாராவது உங்கள கேட்டுரக் கூடாது. நீங்க பேசினா நான் பேசுவேன்," என்றேன்.

"வேண்டாம். யாராவது பாத்து புகார் எழுதிப்போட்டா உங்க லைசென்ஸ் போயிரும். ராவுலோட வேலையிடத்துக்கும் இது தெரியாம இருக்கறதுதான் நல்லது. நான் பேச மாட்டேன்."

சொன்னபடியே நடந்தாள். தளத்துக் கடையில் ரொட்டி அடுக்கின் முன்னால் எங்கள் தள்ளுவண்டிகள் இரண்டும் முட்டாத குறையாக நிற்கும். அவள் ரொட்டியையே பார்ப்பாள். நானும் ரொட்டியைப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் நாங்கள் சாப்பிடாத ஏதோ ஒரு ரொட்டி பையில் இருக்கும்.

"யெசி ஏன் வர்றதில்ல? சண்டையா?" என்று வெஸ்லி கேட்டான்.

என்னிடம் வருபவர்களைப் பற்றிக் கணவனிடமும் சொல்லக் கூடாது. "ஒண்ணுமில்ல," என்றேன்.

"உன் வாய்க்கு யார்தான் நிப்பாங்க? போய் மன்னிப்புக் கேட்டுரு."

பாத்திரத்தை வேகமாகத் தேய்த்தேன். வேலை கிடைத்துவிட்டால் தனிமை போய்விடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். காலை எட்டு மணிக்குக் காபி போட்டுவிட்டு எதிர் நாற்காலியைப் பார்ப்பேன். ஒருத்திக்கு மட்டும் போட்ட காபியை ஒருத்தியாகவே குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புவேன்.

அவள் குணமானாள். எனக்குத் தொழில் தெரியும், அதைத் தன்னடக்கமில்லாமலே சொல்வேன். ஜூனில் தளத்து வாசல்வரை ஓட்டினாள். ஆகஸ்டில் ராவுல் திரும்பி வந்த அன்று தளத்து விமானத் திடலுக்கு அவளே போய் அவனை ஏற்றி வந்தாள். செப்டம்பரில் ஊர் எல்லைப் பெட்ரோல் பங்க். அங்கிருந்து நெடுஞ்சாலையில் ஏற, பக்கத்துச் சீட்டில் யாராவது உட்கார்ந்தால் தைரியமாக இருக்கும் என்றாள். யாரைக் கேட்கலாம் என்று இருவரும் யோசித்தோம். எனக்குத் தோன்றிய ஒரே ஆள் நான்.

"எதிர் வரிசையில புதுசா கெண்ட்ரான்னு ஒருத்தங்க வந்திருக்காங்க. கேட்டுப் பாக்கட்டுமா?" என்றாள்.

"தாராளமா கேளுங்க," என்றேன்.

எங்கள் தெருவில் ஆண்டுக்குப் பாதிப் பேர் மாறிவிடுவார்கள். நாங்கள் இருவரும் ஒன்றாய்த் திரிந்ததைப் பார்த்தவர்கள் அதற்குள் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். கெண்ட்ரா சத்தமாகச் சிரிப்பவள். அந்தச் சிரிப்பு தினமும் காலையில் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக என் சமையலறைக்கு வரும். எனக்குப் பொறாமையாக இருந்தது. நானே மருந்து கொடுத்துவிட்டு, அது வேலை செய்கிறதே என்று பொருமிக்கொண்டிருந்தேன்.

ஜனவரியில் தனியாக லரேடோ போய்வந்தாள். அம்மாவுடன் ஒன்பது நாள். பிப்ரவரியில் கடைசி வியாழக்கிழமை. அதற்கு முந்திய வாரம்தான் வெஸ்லிக்கு வட டகோட்டாவுக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்தது. என்னிடம் வருபவர்கள் எல்லோரிடமும் சொன்னதுபோல அவளிடமும் சொன்னேன்.

அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அங்க போயிட்டா உங்க லைசென்ஸ் செல்லாதுல்ல?"

"செல்லாது."

"அப்ப நீங்க யாரோட ஆலோசகரும் இல்ல. வெறும் கோரிதானே?" பதினொரு மாதம் கழித்து அவள் வாயிலிருந்து என் பெயர் வந்தது. "போன் பண்ணலாமா?"

சரி என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. அவளுக்கு மறுபடி நெஞ்சு அடைத்தால், ஆலோசகராக என்னிடம் திரும்பி வரும் வழி அவளுக்குத் திறந்திருக்க வேண்டும். சிநேகிதியாகிவிட்டால் எங்கே இருந்தாலும் நான் அதற்குப் பயன்பட மாட்டேன். அவள் பயந்து பயந்து சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, காபிக் கோப்பையோடு கேட்காதவள்போல உட்காரவும் எனக்குத் தெரியாது.

"லைசென்ஸுக்குத்தான் பன்னிரண்டு மாசம்," என்றேன். "உங்க ஆலோசகரா இருந்ததுக்குத் தேதி கிடையாது."

அவள் தலையை ஆட்டினாள். கோபப்படுவாள் என்று பார்த்தேன், படவில்லை. அதையும் நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

மார்ச் மாதம் சாமான் லாரி வந்த காலையில் தெருப் பெண்கள் வழிச்சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். கெண்ட்ராவும் வந்தாள். வருகிற வழியில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி யெசேனியாவையும் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"இவங்கள உங்களுக்குத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டாள்.

நான் முந்திக்கொள்ளக் கூடாது. காத்திருந்தேன்.

யெசேனியா என் முகத்தைப் பார்த்தாள். "பாத்திருக்கேன்," என்றாள்.

"ஆமா, பாத்திருக்கோம்," என்றேன்.

"அடப்பாவமே! சுவரை ஒட்டி இருந்துட்டுப் பழகாமலே போறீங்களே. இவ எவ்வளவு நல்லவ தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாமப் போச்சு," என்றேன்.

யெசேனியா கையை நீட்டினாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"பாத்துப் போங்க, மிஸஸ் ஹாலரன்," என்றாள்.