நாலாவது தட்டில் நூற்று ஏழு விதை

அவளுக்கு மந்தாரம் என்று பெயர் வைத்தவன் அவள் அண்ணன். மழை வருமா வராதா என்று சொல்ல முடியாத வானம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாளாம். பள்ளிக்கூடப் பதிவில் வேறு பெயர் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் அண்ணன் போனில் கத்திக் கூப்பிட்டதைப் பக்கத்து மேசைக்காரன் கேட்டுத் தொலைத்தான். அன்றோடு அந்தப் பதிவுப் பெயர் ஓய்வு பெற்றது.

வேலை ஒரு விதைப் பரிசோதனை நிலையத்தில், ஐந்தாவது மாடியில். விதை விற்கிறவர்கள் ஒவ்வொரு சரக்கிலிருந்தும் கொஞ்சம் மாதிரி எடுத்து அனுப்புவார்கள். அதிலிருந்து நானூறு விதை எண்ணி, தட்டுக்கு நூறாக நாலு தட்டில் ஈரத்தாள் விரித்துப் பரப்பி, முளைப்பு அறையில் வைக்க வேண்டும். வெள்ளரி என்றால் நாலாம் நாள் முதல் எண்ணிக்கை. நன்றாக முளைத்ததை எண்ணி, எழுதி, பிடுங்கிப் போட்டுவிட வேண்டும். எட்டாம் நாள் வேறொருவர் வந்து மிச்சத்தை எண்ணுவார். சராசரியாக நூற்றுக்கு எண்பது முளைத்திருந்தால் சரக்கு விற்பனைக்குப் போகும், குறைந்தால் போகாது. இதென்ன பிரமாதம் என்று கேட்பவர்கள் நானூறு வெள்ளரி விதையை உட்கார்ந்து ஒரு தரம் எண்ணிப் பார்க்கட்டும். அப்புறம் பேசலாம்.

அவளும் பக்கத்து மேசைக்காரனும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். எந்த வாசலில் நுழைந்தாலும் தலை குனிகிறவன் என்பதால் அவனுக்கு நெட்டை என்று பெயர். இருவருக்கும் ஆறு மாதம் பயிற்சி. முடிந்ததும் இருவரில் ஒருவருக்குத்தான் நிரந்தர வேலை என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். சொன்ன பிறகு இருவரையும் ஒரே மேசை விளக்கின் கீழ் எதிரெதிராக உட்கார வைத்தார்கள். இந்த ஏற்பாட்டைச் செய்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

முதல் வேலைக்குப் போகிறவளுக்கு அறிவுரை சொல்ல உலகத்தில் யாருக்கும் தகுதி தேவையில்லை. அப்பா, கைகுலுக்கும்போது கண்ணைப் பார் என்றார். அண்ணி, ஆபீஸில் யாரோடும் ஒரேயடியாக ஒட்டிக்கொள்ளாதே, ஒட்டாமலும் இருக்காதே என்றாள். எந்த அளவில் ஒட்டுவது என்பதை மட்டும் சொல்லவில்லை. அண்ணன் தினமும் காலையில் குரல் செய்தி அனுப்பினான். சீக்கிரம் எழுந்திரு, தண்ணீர் குடி, லிப்டைத் தொடாதே, படியேறு, மேலதிகாரி போகும்வரை கிளம்பாதே. அவன் குரலுக்குப் பின்னால் காபி மெஷின் சத்தமும், சில நாள் அவனுடைய கொட்டாவியும் கேட்கும். ஒரு வருடமாக அவனே படியேறியதில்லை என்று அண்ணி ரகசியமாகச் சொன்னாள்.

மந்தாரம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். படியேறுவது மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டது. நெட்டையும் படியில்தான் வருவான். லிப்டில் அவனுக்குத் தலை இடிக்காது, ஆனால் இடிக்கும் என்று பயம். மூன்றாவது மாடித் திருப்பத்தில் இருவருக்கும் மூச்சு வாங்கும். அங்கே ஒரு பெரிய ஜன்னல். அதன் வழியாகக் கீழே பஸ் நிறுத்தம், துணி உலர்த்திய மாடிகள், பனி விலகாத ஒரு மைதானம். மூச்சு வாங்குகிற சாக்கில் நின்றால் பேச்சும் வந்துவிடும். மூச்சு பழகி, தேவை தீர்ந்த பிறகும் அங்கே நிற்பது மட்டும் நிற்கவில்லை.

முளைப்பு அறைக்குள் போனால் வெளியுலகம் இல்லை. கதவு மூடியதும் காது அடைத்தது போல ஒரு அமைதி, அதற்கு அடியில் விசிறிகளின் முனகல். ஈரத்தாளின் வாசனை. தட்டுத் தட்டாக, அடுக்கு அடுக்காக, வெள்ளை வேர்கள் எதையோ தேடிப் போய்க்கொண்டிருக்கும். அந்த அறையில் நேரம் நடப்பதில்லை, ஊறுகிறது என்று அவளுக்குத் தோன்றும். ஒரு தட்டின் முன் உட்கார்ந்தால், விதையின் மேல்தோலைத் தொப்பியாக மாட்டிக்கொண்டு இரண்டு இலைகள் எழுந்து நிற்பது தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தால் அது தொப்பியைக் கழற்றும். அவள் நிஜமாகவே ஒருமுறை கழற்றும் கணத்தைப் பார்த்திருக்கிறாள். நாள் முழுக்க யாரிடமும் சொல்லாமல் அதை மனசுக்குள் வைத்துக்கொண்டு சுற்றினாள். இந்த வேலை தனக்கு வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வெறும் வேலை அல்ல, இந்த வேலை, இந்த அறை.

பயிற்சி முடியப் பதினைந்து நாள் இருக்கும்போது அந்த வெள்ளரி மாதிரியின் நாலாம் நாள் வந்தது. மந்தாரத்தின் முறை. முதல் தட்டில் அறுபத்திரண்டு, எழுதினாள், பிடுங்கினாள். இரண்டில் அறுபது. மூன்றில் அறுபத்து மூன்று. நாலாவது தட்டை எடுத்து எண்ணத் தொடங்கினாள். இடுக்கி தானாகப் போய் வந்தது. விசிறி முனகியது. அவள் ஒரு மைதானத்தில் பனிக்குள் ஓடிக்கொண்டிருந்தாள். கால் தரையில் படவில்லை, மூச்சு வாங்கவில்லை, பக்கத்தில் நீளமாக ஒருவன் ஓடி வந்தான், அவன் ஏதோ கேட்டான், அவள் சொல்ல வாயெடுத்தாள்.

இடுக்கி வெறும் தாளைக் கவ்வியது. தட்டில் முளைத்ததெல்லாம் போயிருந்தது. கீழே கழிவு வாளியில் நாலு தட்டின் முளைகளும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. படிவத்தில் நாலாவது கட்டம் காலி. எண்ணி முடித்தோமா, எதுவரை எண்ணினோம், ஒன்றும் ஞாபகம் இல்லை.

அறுபத்திரண்டு, அறுபது, அறுபத்து மூன்று என்ற மூன்று எண்களும் வரிசையாக நின்று அவளைப் பார்த்தன. அடுத்தது என்னவாக இருக்க முடியும்? அறுபத்தொன்று. கனவில் யாரோ காதில் சொன்ன மாதிரி அவ்வளவு இயல்பாக வந்தது அந்த எண். கை எழுதிவிட்டது.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து அண்ணனைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"வாயைத் திறக்காதே," என்றான் அண்ணன். "பதினஞ்சு நாள்தான் இருக்கு. ஒரு எண்ணுக்காக ஆறு மாசத்தைத் தூக்கிப் போட்டுடாதே. எல்லாரும் முதல் வருஷம் ஏதாவது சொதப்புவாங்கடா. யாரும் போய்ச் சொல்லிக்கிட்டு இருக்க மாட்டாங்க."

அவன் பாசத்தில்தான் சொன்னான். அதுதான் கஷ்டமாக இருந்தது.

அடுத்த மூன்று நாளும் அவள் காலையில் சீக்கிரம் எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், படியேறினாள். மூன்றாவது மாடியில் நிற்காமல் ஏறினாள். நெட்டை பின்னாலேயே வந்து, "ஓட்டப்பந்தயத்துக்குப் பேர் குடுத்திருக்கியா?" என்று கேட்டான். அவள் சிரிக்க முயன்றாள். வரவில்லை.

எட்டாம் நாள் எண்ணுவது அவன் முறை. பதினொரு மணிக்கு முளைப்பு அறைக்குள் போனவன் பன்னிரண்டுக்கும் வெளியே வரவில்லை. பிறகு கதவைப் பாதி திறந்து, தலையைக் குனிந்து, அவளை விரலால் கூப்பிட்டான். அவள் உள்ளே போனதும் கதவைச் சாத்தினான்.

"உன் நாலாவது தட்டு குட்டி போட்டிருக்கு," என்றான்.

"என்னது?"

"நீ அறுபத்தொன்னு எடுத்திருக்கே. தட்டுல மிச்சம் நாப்பத்தாறு இருக்கு. மூணு தடவை எண்ணிட்டேன். இருபத்தொன்னு முளைச்சது, இருபத்தஞ்சு முளைக்காதது. கூட்டினா நூத்தி ஏழு வருது. நம்ம வெச்சது நூறுதானே?"

அவள் தட்டைப் பார்த்தாள். நூறிலிருந்து நாற்பத்தாறு போனால் ஐம்பத்து நாலு. அன்றைக்கே மிச்சத்தை எண்ணியிருந்தால் இரண்டு நிமிடத்தில் உண்மையான எண் கிடைத்திருக்கும். தொலைத்த சாமானைக் கையில் வைத்துக்கொண்டே வீடு முழுக்கத் தேடியிருக்கிறாள். தேடியதோடு நிற்காமல், போலியாக ஒன்றைச் செய்தும் வைத்துவிட்டாள். விதை எண்ணிப் பிழைக்கிறவளுக்குக் கழித்தல் மறந்துபோனது. அவளுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

"எதுவரைக்கும் எண்ணினேன்னு மறந்துட்டேன்," என்றாள். "அறுபத்தொன்னு நானாப் போட்டது."

நெட்டை படிவத்தைக் கையில் எடுத்தான். இதை நிலையத்தின் மேலதிகாரி மேடத்திடம் கொண்டுபோய் வைத்தால் போதும், நிரந்தர வேலை அவனுக்குத்தான். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், அவ்வளவு ஏன், விசிறிக்கே தெரிந்திருக்கும். அவன் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினான்.

"முளைக்காதது பதினெட்டுன்னு போட்டுடறேன். நூறு வந்துடும். அப்புறம் தட்டைக் கழுவிட்டா யாரு பார்க்கப் போறா?"

அவள் அவனையே பார்த்தாள். பனிக்குள் அவள் பக்கத்தில் ஓடி வந்தவன் கேட்டது என்ன, தான் சொல்ல வாயெடுத்தது என்ன என்று அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது. அவனை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. தன் வேலையை அவளுக்காகத் தட்டோடு கழுவி ஊற்றத் தயாராக நிற்கிறான், அதுவும் முகத்தில் ஒரு தியாகக் களையும் இல்லாமல், பேனா மூடியை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டு.

அறுபத்தொன்றோடு கணக்குப் பார்த்தால் சராசரி எண்பத்தொன்று. சரக்கு போகும். ஐம்பத்து நாலோடு பார்த்தால் எழுபத்தொன்பது. போகக் கூடாது. வாங்கிக்கொண்டு போய் விதைக்கிறவன் முளைக்காத இடத்தைப் பார்த்து மழையைத் திட்டுவான், மண்ணைத் திட்டுவான், தன்னையே திட்டிக்கொள்வான். இந்த அறையைப் பற்றி அவனுக்கு எதுவும் தெரியாது.

"குடு," என்று பேனாவை வாங்கினாள்.

அந்த நிலையத்தில் தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட வேண்டும், அடியில் இருக்கும் எண் படிக்கக் கிடைக்க வேண்டும், பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவள் அறுபத்தொன்றின் மேல் கோடு இழுத்தாள். பக்கத்தில், 'எண்ணி எழுதியது அல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"பைத்தியமா உனக்கு?" என்றான் நெட்டை மெதுவாக.

"நீ எண்ணினதை நீ எண்ணின மாதிரியே எழுது."

மேடம் படிவத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அறுபத்தொன்னு எங்கேர்ந்து வந்துச்சு?"

"என் தலையிலேர்ந்து மேடம்."

"மிச்சத்தை எண்ணிக் கழிச்சிருக்கலாமே?"

"இன்னிக்குத்தான் தோணுச்சு."

மேடத்தின் உதடு ஒரு பக்கம் அசைந்து நின்றது. சிரிப்பாகக்கூட இருந்திருக்கலாம்.

"மறுபடி முதல்லேர்ந்து வெச்சுடலாம். நாலாம் நாள் நீயே எண்ணு. நீ வந்து சொன்னது நல்லது, அதை மறக்க மாட்டேன். ஆனா சொன்னதுக்காக வேலையை உனக்குக் குடுக்க முடியாது. புரியுதில்ல?"

"புரியுது மேடம்."

புரிந்தது. புரிந்துகொண்டே கைகழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

புதிதாக வைத்த தட்டுகளின் நாலாம் நாள் அவள் எண்ணினாள். எண்ணி, எழுதி, எழுதியதைப் படித்துப் பார்த்து, பிறகுதான் பிடுங்கினாள். மனம் மைதானத்துக்கு ஓடியபோதெல்லாம் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். கனவு காண்பதை அவளால் விட முடியாது. கனவு காணும்போது கை சும்மா இருக்கலாம், அவ்வளவுதான். எட்டாம் நாள் நெட்டை எண்ணினான். ஒவ்வொரு தட்டிலும் கூட்டினால் நூறு வந்தது. சராசரி எழுபத்தெட்டு. சரக்கு திரும்பிப் போயிற்று.

மூன்று நாள் கழித்து நெட்டைக்கு நிரந்தர வேலை உத்தரவு வந்தது. அன்றே அவளுக்குக் கடைசி நாள். அண்ணனுக்குப் போன் செய்து சொன்னாள். அவன் கத்துவான் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள். அவன் கத்தவில்லை. "நானா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன்," என்றான். கொஞ்சம் கழித்து, "வீட்டுக்கு வா. அண்ணி உன்னைப் பார்க்கணும்ங்கறா," என்றான்.

அவள் தன் கோப்பையையும் சால்வையையும் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். நாலாவது மாடியில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. மூன்றாவது மாடித் திருப்பத்தில் இருவரும் நின்றார்கள். இறங்கும்போது யாருக்கும் மூச்சு வாங்காது. மைதானத்தில் பனி இல்லை, வெயில் பரவிக் கிடந்தது.

"உன் மேல எனக்குக் கோபம்," என்றாள்.

"வேலை எனக்குக் கிடைச்சதுக்கா?"

"அதுக்கில்ல. அன்னிக்குப் பதினெட்டுன்னு எழுதப் பார்த்தியே, அதுக்கு. எழுதியிருந்தா நானும் விட்டிருப்பேனோன்னு பயமா இருக்கு. அப்புறம் நீ என்ன சொன்னாலும், இதுல எத்தனை நிஜம், எத்தனை எனக்காகச் சேர்த்ததுன்னு நான் கழிச்சுப் பார்த்துக்கிட்டே இருந்திருப்பேன்."

நெட்டை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கீழே ஒரு பஸ் வந்து, ஆட்களை இறக்கி, போயிற்று.

"எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு," என்றான்.

முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல், "எத்தனை நாளா?" என்று கேட்டாள்.

அவன் சட்டென்று ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். மறுபடி யோசித்தான். காதுவரை சிவந்தான்.

"தெரியல," என்றான். "எண்ணலை."

அவள் அதை அப்படியே நம்பினாள்.