குதிரை திறந்த புல்

போன இலையுதிர்காலத்தில் என் குளிர்கால மேய்ச்சலைச் சுற்றி நானே கம்பி கட்டினேன். குதிரை வாய் வைத்தால் ஆட்டுக்கு மிஞ்சாது என்பது என் எண்ணம். பக்கத்துப் பள்ளத்தாக்கில் குதிரை வளர்க்கும் பூருல்சா வந்து, காலங்காலமாக இரண்டும் ஒன்றாகத்தானே மேய்ந்தன என்று கேட்டாள். நைசாகப் பேசிப் புல்லைத் தின்னப் பார்க்கிறாள் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். மனிதரை நான் சட்டென்று நம்புவதில்லை.

ஜனவரியில் இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் எல்லாம் உறைந்து, பனிமேல் இரண்டு விரல் கனத்துக்கு ஐஸ் பிடித்துக்கொண்டது. அடியில் நல்ல புல். ஆட்டுக் குளம்புக்கு அந்த ஐஸ் உடையாது. சுரண்டிச் சுரண்டிக் கால்களில் ரத்தம் வந்ததுதான் மிச்சம். எண்பது ஆடு, பாதிக்குமேல் சினை. கையிலிருந்த வைக்கோல் ஒரு வாரம்கூட வராது. கடப்பாரையால் மதியம்வரை உடைத்தேன். ஒரு கூடாரம் அளவு இடம் திறந்தது. ஆடுகள் அதை மொட்டையாக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தன.

குதிரைக் குளம்புக்குத்தான் இந்த ஐஸ் உடையும், பூருல்சாவிடம் போ என்றாள் என் மனைவி உம்சுன். மாட்டேன் என்றேன்.

"புல்ல உள்ள வெச்சுப் பூட்டிட்டு, சாவிய அவ வீட்ல விட்டுட்டு வந்திருக்க. ஆடு செத்தப்புறம் கம்பிக்குக் காவல் இரு" என்றாள்.

ஏழாம் நாள் காலை இரண்டு ஆடுகள் எழுந்திருக்கவில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு போனேன். பத்து ஆடு கேட்பாள், பாதி மேய்ச்சல் கேட்பாள் என்று வழியெல்லாம் நினைத்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் சேணம் கட்டத் தொடங்கிவிட்டாள்.

"உனக்கு என்ன வேணும்னு சொல்லு" என்றேன்.

"எனக்கு என்ன? குதிரைக்குத்தான் பசி. நீங்க முன்னால போய்க் கம்பிய அறுங்கண்ணே."

முப்பது குதிரைகள் வந்தன. முன்னங்காலால் ஓங்கி அடித்து ஐஸை உடைத்தன. நுனிப்புல்லை மேய்ந்துவிட்டு நகர்ந்தன. அடிப்புல் போதும் என்று ஆடுகள் அவற்றின் பின்னாலேயே நடந்தன. ஆடுகளுக்குப் பின்னால், கிளறிய மண்ணையும் சாணத்தையும் கொத்திக்கொண்டு குருவிகள். யாரும் யாரையும் விரட்டவில்லை. நான் மட்டும் சும்மா நின்றேன்.

ஓடையும் ஒரு முழத்துக்கு உறைந்து கிடந்தது. அதை உடைக்க எந்தக் குளம்பாலும் முடியாது. கோடரி என்னிடம் இருந்தது. அன்றிலிருந்து பனி இளகும்வரை தினமும் விடிந்ததும் தண்ணீர் திறப்பது என் வேலை. படுத்த இரண்டும் பிழைக்கவில்லை. மற்றவை பிழைத்தன; சினையாடுகள் குட்டி போட்டன. உம்சுன் இப்போது பால் காய்ச்சிக்கொண்டிருக்கிறாள்.

நன்றி சொல்லிப் பழகாத வாய் இது. பூருல்சாவிடம் எப்படியோ சொல்லிவிட்டேன். அவளுடைய கிழட்டுப் பெண் குதிரையிடமும் ஒரு நாள் ஓடைக்கரையில் சொன்னேன். அது மூக்கால் என்னை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தண்ணீர் குடித்தது.